இருபத்தொரு நாள் மிதிக்கக் கூடாது

அந்த ஊரில் பாதிப் பேர் காலடியில் கிடந்த பச்சை அவர் போட்டது. விளையாட்டு மைதானம், பெரிய ஓட்டலின் முன்புறம், ஆஸ்பத்திரி வாசல், நீதிபதி வீட்டுத் தோட்டம் எல்லாமே அவர் கை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரு மண்வெட்டி, ஓட்டை வாளி, இரண்டு கை என்று ஆரம்பித்து, லாரி லாரியாகப் புல் இறக்கும் ஆளாக வளர்ந்தார். உறையின் மேல் 'புல்லுக்காரர்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் தபால்காரர் நேராக அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு முறை மைதானத்துப் புல் திட்டுத் திட்டாக மஞ்சளடித்தது. படித்து வந்த அதிகாரிகள் உரம் போதவில்லை என்றார்கள். இவர் குனிந்து ஒரு பிடி மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"கீழ தண்ணி நிக்குதுங்க. வேரு அழுகுது. உரத்தக் கொட்டினா இன்னும் சீக்கிரமா சாகும்."

தோண்டினார்கள். அடைத்துக்கொண்ட வடிகால் குழாய் கிடைத்தது. இந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்கம் கேட்கப் போன இடத்திலும் சொல்வார். சொல்லட்டுமே! நிஜமாக நடந்ததைச் சொல்ல என்ன கூச்சம்?

அப்படிப்பட்டவர் வீட்டு முற்றம் சிமெண்டுத் தரை. வேலையாட்களின் வண்டி நிறுத்த, மண்ணுருளை, குழாய்ச்சுருள், உர மூட்டை வைக்க அதுதான் வசதி. அவர் மனைவி அதில் துணி காயப்போட்டுக்கொண்டே முப்பத்திரண்டு வருஷம் கேட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் பச்சை. நமக்கு மட்டும் சிமெண்டு. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"அடுத்த சீசன்ல போட்டுடலாம்மா."

"எந்த சீசன்? எனக்குப் பல்லு விழற சீசனா?"

அவருக்கும் அவள் மேல் ஒரு குறை உண்டு. எத்தனையோ இடங்களுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வேலையைக் காட்டியிருக்கிறார். ஓட்டல் முதலாளியே மெச்சிக் கைகுலுக்கிய புல்தரையையும் காட்டியிருக்கிறார். அவள் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கு" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

போன மழைக்காலத்தின் முடிவில் அவள் படுத்தாள். ஈரலில் வந்த கட்டி. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மாதம் இருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தார். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு. நம்ம வீட்டுப் புல்லுல ஒரு நாள் உக்காந்துட்டுப் போகணும்."

மறுநாள் காலையிலேயே சிமெண்டை உடைக்க ஆள் வந்தாகிவிட்டது. அறுபத்தாறு வயதில் அவரும் சம்மட்டி எடுத்தார். கல்லும் கட்டியும் வாரி எறிந்து, அரை அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் மக்கிய உரமும் கலந்து கொட்டி, நீளப் பலகையை இழுத்து மட்டம் பார்த்தார். வீட்டுப் பக்கம் தண்ணீர் வராமல் தெருப் பக்கம் ஒரு விரற்கடை சரிவு விட்டார். விதை போட்டால் மாதக்கணக்கில் ஆகும். அதனால் பாய் போல வெட்டி எடுத்த புல்லை, நாற்றங்காலில் தானே நின்று பொறுக்கிக் கொண்டுவந்தார். செங்கல் அடுக்குவது போல, ஒரு பாயின் இணைப்பு அடுத்த வரிசைப் பாயின் நடுவில் வரும்படி விரித்தார். நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு வேலை அவர் செய்ததில்லை.

ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேரு மண்ணைப் பிடிக்க இருபத்தொரு நாள் ஆகும். அதுவரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. மிதிச்சா பாய் நகரும், புது வேரு அறுந்துடும். இருபத்தோராம் நாள் உன்னை நானே தூக்கிட்டுப் போய் உக்கார வைக்கிறேன்."

"நான் என்ன யானையா? நான் உக்காந்தா வேரு அறுந்துடுமா?"

"நீதிபதியே காத்துக்கிட்டு இருந்தாரு. உனக்கென்ன அவசரம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் சொன்ன கணக்குக்கும் புல்லின் கணக்குக்கும் நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அது போதும் என்று நினைத்தார். உள்ளுக்குள் இன்னொன்றும் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. புல் நன்றாகப் பிடித்துக்கொண்டால் அவளும் பிடித்துக்கொள்வாள் என்று இருந்தது. அதனால்தான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் காவல் காத்தார். 'மிதிக்காதீர்கள்' என்று போர்டு எழுதி நட்டார்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை குழாயைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பனி வெள்ளையாகப் படிந்த புல்லில் கரும்பச்சையாகக் காலடிகள். ஓரத்திலிருந்து நடுவரை. நடுவில் வட்டமாகப் புல் அமுங்கிய இடம். ஒரு கால் தடத்தில் குதிகால் இழுபட்டிருந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார். காற்றில் பறக்கும் துணியை எடுக்க அவர் சுவர் ஏறிக் குதிப்பது வழக்கம்.

"யோவ் தையலு! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா உனக்கு? நாலெழுத்து படிச்ச ஆளு தானே நீ?"

"நானா? வாய அளந்து பேசுங்கண்ணே." தையல்காரர் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "அளவு பாக்கறது என் பொழப்பு. இது ஒம்பது அங்குலம் தேறாது. பொம்பளை காலுண்ணே."

"அப்ப உன் பொண்டாட்டி!"

"அவ ஊருக்குப் போயி ஒரு வாரமாச்சு. கோவத்துல கண்ணு தெரியல உங்களுக்கு."

புல்லுக்காரர் காதில் அது ஏறவில்லை. மண்ணுருளையை இழுத்து வந்து, பலகை போட்டு அதன் மேல் நின்று, அந்தத் தடங்களின் மேல் முன்னும் பின்னும் உருட்டினார். அமுங்கிய வட்டத்தைப் புல்வாரியால் கோதி நிமிர்த்தி மறுபடி உருட்டினார். அரை மணி நேரத்தில் ஒரு சுவடும் இல்லை. ஆயிரம் பேர் ஆடிய மைதானத்தையே மறுநாள் புதிதாக்கிக் காட்டியவருக்கு இது என்ன பெரிய வேலை?

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "அழிச்சாச்சா?"

"சுத்தமா. நான் உருட்டினா அப்புறம் எவன் கண்டுபிடிப்பான்?"

"அதானே" என்று அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினேழாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். டாக்டரின் கணக்கு தப்பியது.

ஊரே வந்தது. மைதானத்துக்காரர்கள், ஓட்டல் ஆட்கள், எல்லோரும். அத்தனை பேரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். நடுவில் பச்சை காலியாகக் கிடந்தது. அவர் வெளியே வந்து பார்த்தார். அந்தத் துக்கத்திலும் அவர் போர்டுக்குப் பயந்துகொண்டு நிற்கிறார்கள். போய்ப் போர்டைப் பிடுங்கி எறிந்தார். "மிதிங்கய்யா! யார் வேணும்னாலும் மிதிங்க!" அப்போதும் ஒருவரும் கால் வைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தவள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க தையல் மாமாவத் திட்டினீங்களே, அது அம்மாவோட காலடி."

அவர் அவளையே பார்த்தார். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவள் முற்றத்துக்குப் போவாள் என்று அவர் நினைக்கவே இல்லை. மண்ணை மோந்தே நோய் சொல்கிறவருக்கு, முப்பத்திரண்டு வருஷம் கூட நடந்தவளின் கால் அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, ஓரம் வரைக்கும் நான்தான் பிடிச்சுட்டுப் போனேன். அப்புறம் கையை விடச் சொன்னாங்க. ரெண்டு பேர் பாரம் வேணாம்டி, புல்லு தாங்காது, உங்கப்பா பாவம்னாங்க. தனியாவே நடந்தாங்கப்பா. நடுவுல உக்காந்து ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"ஜில்லுன்னு இருக்குன்னாங்க. எத்தனை வருஷமா பாக்கறேன், உங்கப்பா வேலையில ஒரு குறை சொல்ல முடியாதுடி, சொன்னா தலையில ஏறிக்கும்னுதான் சொல்றதில்லன்னாங்க."

இருபத்தோராம் நாள் விடியற்காலை அவர் முற்றத்துக்கு வந்தார். மூலைப் பாயின் ஓரத்தைப் பிடித்து, எல்லா இடத்திலும் செய்வது போல மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். அசையவில்லை. மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். நடுவில் மண்டியிட்டு, பனியை இரண்டு கையாலும் துடைத்துத் துடைத்து அந்த வட்டத்தைத் தேடினார். அங்கே இருக்குமா, இன்னும் கொஞ்சம் தள்ளியா என்று தவழ்ந்து தவழ்ந்து போனார். புல் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக, ஒரே பச்சையாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வந்து நின்றார். "என்னண்ணே தேடறீங்க? ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

அவர் நிமிரவில்லை. "நீ அன்னிக்கு அளந்தியே" என்றார். "எந்த இடம்னு சரியா காட்டுறியா?"

தையல்காரர் வெகுநேரம் புல்லைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"தெரியலண்ணே. நீங்கதான் சுத்தமா அழிச்சுட்டீங்களே."