மலைக்கோட்டையில் வெஞ்சனம்

கல்லூரி விழாக்களில் என்னை மேடைக்கு அழைப்பவர்கள் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "அன்று துப்பாக்கி ஏந்திய கை, இன்று புத்தகம் ஏந்துகிறது." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கியைவிட நான் அதிகம் ஏந்தியது பட்டாளத்துச் சாப்பாட்டுத் தட்டைத்தான். சரித்திரம் எனக்குப் பிடிபட்டதும் அந்தத் தட்டால்தான்.

வடமதுரைப் பக்கம் தக்காளி போடும் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் சரித்திர வாத்தியார் குறிப்பு சொல்லுவார், எழுதிக்கொள்வோம். அப்படியே ஒப்பித்தால் மார்க், வரி தவறினால் அடி. நான் அடி வாங்கும் ரகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாட்டுப்பற்று என்று யாராவது சேர்த்துச் சொன்னால் அது அவர்கள் சரக்கு. வடக்கே முகாமில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பி.ஏ. சரித்திரம் தேறினேன். அதற்கும் மனப்பாடமே போதுமாக இருந்தது.

ஓய்வு பெற்றுத் திண்டுக்கல் வந்தபோது என் மனைவி பேகம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். எம்.ஏ. படிக்கச் சொல்லி என்னைக் கல்லூரியில் தள்ளியவள் அவள்தான். அவள் தம்பியோ எனக்கு ஒரு வங்கி வாசலில் காவல் வேலை பேசிக்கொண்டிருந்தான்.

வகுப்பில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். ஆசிரியரே என்னைவிட இளையவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். ஒருநாள் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார். விறைப்பாக நின்று, கட்டியவர் யார், பிடித்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்று சொல்லி நிறுத்தினேன். பட்டாளத்தில் அறிக்கை அப்படித்தான்.

"அவ்வளவுதானா சார்?"

"அம்புட்டுத்தான் சார்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், அணிவகுப்பைக் கலைக்கிற குரலில், "டிஸ்பர்ஸ்!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "இது கைடுலயே இருக்கு சார். திங்கக்கிழமை மறுபடி பேசுங்க. இப்பிடியே பேசுனா மார்க் போட முடியாது."

வீட்டுக்கு வந்தால் மச்சினன் உட்கார்ந்திருந்தான். "மாமா, திங்கக்கிழமையே பேங்க்ல வந்து சேரச் சொல்லிட்டாக. இந்த வயசுல சின்னப் பயலுககிட்ட கேலி வாங்கணுமா?"

அவமானத்தில் இருந்தவனுக்கு அது நியாயமாகவே பட்டது. "சரி மாப்ள, வாரேன்னு சொல்லிரு."

மனைவி கரண்டியோடு வந்தாள். "நீ வீட்டுக்குப் போடா" என்று தம்பியை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பட்டாளத்துல காஞ்ச ரொட்டியும் தண்ணிப் பருப்பும் போட்டு உசுர எடுக்குறாய்ங்க, தொட்டுக்க ஒரு வெஞ்சனம் இல்லன்னு லீவுல வந்தா ஓயாமப் பொலம்புவீக. அம்புட்டுப் பேசுற வாயி அங்க போயி மூடிக்கிருச்சாக்கும்? அந்த மலை மேல இருந்தவனும் பட்டாளத்தான்தான? அவன் என்னத்தத் தின்னான்?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் மலையேறினோம். தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் இருந்தன. கிடங்கு இருந்தது. காய் விளைய மண் இல்லை. விறகுக்கு மரம் இல்லை. எல்லாம் கீழேயிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகவில்லை. வகுப்பில் எழுந்து, "நெல்லு மேல இருந்துச்சுன்னே வைங்க. வெஞ்சனத்துக்கு என்ன செஞ்சான்?" என்று ஆரம்பித்தேன். மறுபடி சிரித்தார்கள். பட்டாளத்தில் பருப்பு நீர்த்துப்போனால் அடுத்த நாள் அணிவகுப்பு எப்படி இருக்கும் என்று சொன்னேன். விறகு சுமந்தவன் யார், அவன் பெயர் ஏன் எங்கும் இல்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். சிரிப்பு நின்றது. ஒட்டன்சத்திரத்துப் பையன் ஒருவன், "ஏனுங்க, எதிரி கோட்டையச் சுத்தி வளைச்சுட்டா காய் எப்பிடிங்க மேல போயிருக்கும்?" என்றான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"சார், இதுக்கெல்லாம் எனக்கும் பதில் தெரியாது. நீங்களே தேடுங்க" என்றார் ஆசிரியர்.

தேடினேன். என் முனைவர் பட்டமும் இந்தப் பேராசிரியர் வேலையும் அதில் வந்தவைதான். தெரியாது என்று வகுப்பறையில் நின்று சொன்ன அந்த மனிதருக்கு நன்றி. முகாம் சமையல்காரனை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனாலும் அவனுக்கும் நன்றி. மனைவியிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு வெஞ்சனம் எப்பிடி இருந்துச்சு? அதச் சொல்லுங்க."

உப்புக் கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.