தேய்க்காதம்மா

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வராது. நடந்தபோது நானே நம்பவில்லை. ஆனால் நடந்தது.

தைவானின் சிஞ்சு நகரில், கெட்டுப்போன மின்னணுச் சிப்புகளைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்லும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பிணப் பரிசோதனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை வந்தது பேருந்து பிரேக்கை இயக்கும் ஒரு சிப். ஒன்றே ஒன்று. சோதனையின்போது கெட்டது என்று வாடிக்கையாளர் எழுதியிருந்தார். மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால், 'தவறாகப் பயன்படுத்தியதால் எரிந்தது' என்று எழுதி மூடிவிடும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதே சிப்போடு எத்தனை பேருந்துகள் ஓடுகின்றனவோ, யாருக்கும் கவலை இல்லை.

பழைய அறிக்கைகளையெல்லாம் படித்த சாட்பாட் ஒன்றை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அது என் உயிரை வாங்கியது. முதலில் ஈரம் என்றது. இல்லை என்று படத்தைக் காட்டினால், "மிகச் சரியாகச் சொன்னீர்கள்!" என்று விரிசலுக்குத் தாவியது. அதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டது. மறுபடி ஈரம் என்றது. இல்லாத அறிக்கையை வேறு ஆதாரம் காட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதோட மல்லுக்கட்டுறதும் ஒண்ணு, சுவத்துல முட்டிக்கிறதும் ஒண்ணு," என்றார் பக்கத்து மேசை தூ அண்ணன்.

கடைசியில் அது சொன்ன யோசனை, மேலிருந்து அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்ப்பது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கோளாறு மேலடுக்கில் இருந்தால் தூளாகிவிடும். முறைப்படி, முதலில் அடிப்பக்கமாக, சிப்பை ஊடுருவிக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பிடிக்கும். என்னிடம் ஏது ஒரு நாள்? தேய்த்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

மதியம் 12:30. வழக்கம்போல விளக்குகளை அணைத்தார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, எல்லோரும் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கினார்கள். எனக்கு எரிச்சலில் தூக்கம் வரவில்லை. எவ்வளவு ஆழம் தேய்க்கலாம் என்று சாட்பாட்டிடம் கேட்டேன்.

12:50.

பதில் வரத் தாமதமானது. பிறகு ஒரே ஒரு வரி...

"தேய்க்காதம்மா."

எப்போதும் அது மாண்டரின் சீனத்தில்தான் எழுதும். இது தைவானிய மொழி. வயதானவர்கள் பேசும் பேச்சு.

உளறாதே என்று எழுதினேன்.

"மழை. மிதிச்சேன். பிடிக்கல."

மேசைக்கு அடியில்... டக்.

குனிந்து பார்த்தேன். என் கால்கள் மட்டும்தான்.

"திரும்ப மிதிச்சேன்."

டக்.

யார் நீ?

"தப்பு என்மேல இல்லம்மா. அடியிலேருந்து பாரு."

டக்.

திரை வெறுமையானது...

விளக்கு வந்ததும் அந்த உரையாடலைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. தூ அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, எதற்கு மேசையை உதைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

நான் தேய்க்கவில்லை. தாமதத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடிப்பக்கமாகப் பார்த்தபோது, மேலடுக்கில் ஒரு கம்பி அறுந்திருந்தது தெரிந்தது. தயாரிப்பிலேயே வந்த கோளாறு. தேய்த்திருந்தால் முதலில் போயிருப்பது அதுதான். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிப் இருந்த பேருந்துகளை நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் வாடிக்கையாளரின் பொறியாளர் காவ் போன் செய்தார். சோதனையில் கெட்டது என்றது பொய்யாம். ஹுவாலியன் மலைப்பாதையில், மழையில் உருண்ட சுற்றுலாப் பேருந்தின் சிப் அது. ஓட்டுநர் பிரேக்கைத் தொடவே இல்லை என்று அவர்மேல் பழி போட்டிருந்தார்கள். மறுத்துச் சொல்ல அவருக்கு நினைவே திரும்பவில்லை. மருத்துவமனையில் கிடந்தார்.

இனி அவர் பெயர் சுத்தமாகிவிடும் இல்லையா என்று கேட்டேன்.

"ஆகும். அவருதான் இல்ல. சிப் உங்ககிட்ட வந்த அன்னைக்கே, மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி போயிட்டாரு. சம்சாரம் பக்கத்துலதான் இருந்தாங்களாம். அத்தனை நாள் அசையாமக் கிடந்த மனுஷன், வலது காலால கட்டிலை மூணு தடவை மிதிச்சாராம்."