குலதெய்வம் என்ற கட்டம்

என் கொழுந்தனாரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது கணினித் திரையில் சுற்றிக்கொண்டே இருந்த அந்த வட்டம்தான். மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில், நான் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெஞ்சு நிறைய அப்பா அம்மாக்கள். ஒரு பெண்ணுக்குப் பொருந்துகிற பையன்களைக் கேட்டுப் பொத்தானை அமுக்கினால் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். தக்காளி விலையைப் பேசி முடிப்பார்கள், மழையைப் பேசி முடிப்பார்கள், அது பாட்டுக்குச் சுற்றும். கீழே ஓசூர் பஸ் ஹாரன் அடித்ததும், "அடுத்த வாரம் வர்றோங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். எங்கே வரப்போகிறார்கள்?

கடைசிவரை உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு பெண்தான். பாலக்கோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள். பிறந்த நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. குலதெய்வம் எதுவென்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் பதிவு செய்தேன். அவளுக்காக நாலு வீடு ஏறி இறங்கிப் பேச மாமனோ சித்தப்பனோ கிடையாது. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் என் பட்டியலிலிருந்துதான் நடக்க வேண்டும். வட்டம் சுற்றி முடித்து ஏழெட்டுப் பெயர் கொடுக்கும். நான் போன் போட்டுப் பேசுவேன், சாமி தெரியாது என்றதும் நழுவுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வருவாள்.

கொழுந்தனார் அப்போது பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கணினியில் சேர்த்து வைத்த தகவலில் தேடல் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்து வேகப்படுத்துவதுதான் அவர் தொழில். அது போதாதென்று, முகம் தெரியாதவர்கள் இணையத்தில் கேட்கிற சந்தேகங்களுக்கெல்லாம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதுவார். "ஊருக்கெல்லாம் வெளக்கேத்துறீங்க, உங்க அண்ணி கடை மட்டும் இருட்டா கெடக்குது" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

வந்தவர் கணினியைத் தொடவில்லை. யாருக்கு உதவப் போனாலும் முதலில் கேள்வி கேட்பதுதான் அவர் பழக்கம். "கரண்டே இல்லைன்னு வெச்சுக்கோங்க அண்ணி. ஒரு பொண்ணுக்கு எப்படிப் பையன் பாப்பீங்க?" எனக்கு எரிச்சலாக வந்தது. "மொதல்ல குலதெய்வம் கேப்பேன். ஒரே சாமின்னா பங்காளிங்க, அண்ணன் தங்கச்சி முறை. அப்புறம் எதுக்கு ஜாதகத்தைப் பிரிக்கறது?" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் கணினி அத்தனை பையன்களுக்கும் பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில்தான் பங்காளிகளைக் கழித்துக்கொண்டிருந்ததாம்! எந்தத் தரகரும் செய்யாத கூத்து. முதலில் சாமி, அப்புறம் வயது, கடைசியில் ஜாதகம் என்று மாற்றி எழுதினார். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. அன்றைக்கு அவருக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

அடுத்த வாரமே அந்தப் பெண் வந்தாள். பெருமையாகப் பொத்தானை அமுக்கினேன். ஒரு பெயர்கூட வரவில்லை. "ஒருத்தர்கூட இல்லீங்களாக்கா?" என்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள். அவளை உட்காரவைத்துவிட்டுக் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "தின்ன கோழியைத் திருப்பிக் குடுங்க தம்பி!"

ஓடி வந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. பழைய முறை, ஒரே சாமி என்று தெரிந்தவர்களை மட்டும் கழித்தது. இவர் எழுதியதோ, வேறு சாமி என்று தெரிந்தவர்களை மட்டும் எடுத்தது. கட்டம் காலியாக இருந்தால் ஒரே சாமியா வேறு சாமியா என்று சொல்ல முடியாதே, அப்படிப்பட்டவர்கள் அப்படியே விடுபட்டுப் போனார்கள். "தப்பு என்னோடதுங்க அண்ணி. வேகத்தப் பாத்தேன், யாரு விட்டுப்போனாங்கன்னு பாக்கல" என்றார். அந்தப் பெண்ணிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். அவள்தான் கூச்சப்பட்டாள்.

"நாளைக்குப் பங்காளின்னு தெரிஞ்சா வம்பாயிடுமே?" என்று எனக்கொரு பயம். "அதை அவங்க விசாரிச்சுக்கட்டும் அண்ணி. வேணாம்னு சொல்றதுக்கு நம்ம கம்ப்யூட்டர் யாரு?" என்றபடியே காலிக் கட்டக்காரர்களும் வரும்படி திருத்தினார். வேகம் குறையவே இல்லை.

தொப்பூரில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஓர் அம்மாள் மகனுக்குப் பெண் தேடி வந்தார். பட்டியலில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "ஏங்க, சாமி பேரக் காணோம்?" அந்தப் பாலக்கோட்டுப் பெண்ணின் கதையை மறைக்காமல் சொன்னேன். "தெரியலன்னா போவுது. எங்க வூட்டுக்கு வந்தா எங்க சாமிதானே அவளுக்கும்?" என்று ஜாதகத்தைக் கேட்டு வாங்கினார்.

கல்யாணப் பத்திரிகை வைக்க அந்தப் பெண்ணே வந்தாள். உச்சியில் மாப்பிள்ளை வீட்டுச் சாமி பேர், 'முனியப்பன் துணை' என்றிருந்தது. நிச்சயமானவர்கள் பெயரை உடனே அழித்துவிட வேண்டும், பழசைச் சேர்த்து வைத்தால் வேகம் படுத்துவிடும் என்பது கொழுந்தனார் போட்ட சட்டம். அழிக்கப் போனேன். "இருங்கக்கா. அழிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்துல ஒருவாட்டி முனியப்பன்னு போடுங்க. நான் பாக்கணும்" என்றாள். போட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. நிச்சயமாகிவிட்டது என்று குறித்து வைத்தேனே தவிர, அவள் போன பிறகும் அழிக்கக் கை வரவில்லை.

கொழுந்தனார் இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். அங்கிருந்தே அவ்வப்போது என் கணினியைச் சுத்தம் செய்கிறார். போன வாரம் கூப்பிட்டு, "கல்யாணம் ஆன பொண்ணு பேரு ஒண்ணு இன்னும் கெடக்குதே அண்ணி, அழிச்சிரட்டுங்களா?" என்றார். யாரென்று சொன்னேன். அன்று அவள் என்ன கேட்டாள் என்பதையும் சொன்னேன்.

"இருக்கட்டுங்க அண்ணி. பட்டியல்ல வராம நான் பாத்துக்கறேன். ஒருத்தங்களால ஒண்ணும் வேகம் கொறஞ்சிடாது."