அரூருக்குக் கொண்டுபோன வால் நட்சத்திரம்

வானத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐஸ் கட்டியைக் காட்டி என் அக்கா கல்யாணத்தை நிறுத்தினார்கள். எண்பத்தாறாம் வருஷம். அரூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தார். வால் நட்சத்திரம் தெரிகிற வருஷத்தில் தாலி கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது, அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பத்து வயது. பென்னாகரத்தில் எங்கள் டீச்சர் அப்போதுதான் சொல்லியிருந்தார்: அது நட்சத்திரமே இல்லை, ஐஸும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியனுக்கு வெகுதூரத்தில் உறைந்து கிடக்கும். கிட்டே வந்தால் ஐஸ் ஆவியாகித் தூசியையும் இழுத்துக்கொண்டு கிளம்பும், அதுதான் வால். மேல்தோல் கரி மாதிரி கருப்பு. இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல்தான் அரூர்க்காரர்கள் பயப்படுகிறார்கள், தெரிந்துவிட்டால் கல்யாணம் நடந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் உட்காரவே முடியவில்லை.

அப்பா அரூருக்குப் பேசப் போனபோது அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். அடுப்புக்கரியை இடித்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். தருமபுரியில் பஸ் மாறும்போது மீன்கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு ஐஸ் துண்டு வாங்கினேன். கரியைப் பூசி, மரத்தூளோடு சாக்கில் சுற்றினேன்.

"சம்பந்தி வூட்டுக்கு மீன் நாத்தத்தையா கொண்டுட்டுப் போறது? தூக்கிப் போடு கழுத!" என்றார் அப்பா.

போடவில்லை. பஸ் கண்ட இடத்திலெல்லாம் நின்றது. சாக்கு சொட்டியது. பக்கத்து சீட்டு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினார். டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அரூரில் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே சாக்கை வாசல் வெயிலில் பிரித்தேன். தேங்காய் அளவுக்கு மிஞ்சியிருந்தது.

"இதாங்க வால் நட்சத்திரம். மேல கரி, உள்ள ஐஸு. இதுக்குப் போயி பயப்படுறீங்களே!"

கல்லால் ஒன்று போட்டேன். உடைந்தது. உள்ளே வெள்ளை.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாசலே நாறுது. தண்ணி ஊத்திக் கழுவி வுடச் சொல்லுங்க."

மாப்பிள்ளை படித்தவர், ஆபீசில் வேலை. குனிந்து என் தலையைத் தட்டினார். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐஸுன்னு எங்களுக்கும் தெரியும் பாப்பா. பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

அப்பா எழுந்துவிட்டார். பேச வந்ததைப் பேசவே இல்லை. கொடுத்த மோரையும் தொடவில்லை. திரும்புகிற பஸ்ஸில் நான்தான் வாய் ஓயாமல் பேசினேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் வந்ததும் அவருக்கு முன்னால் ஓடினேன்.

"அக்கா! அது ஐஸுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்! பயமே இல்லையாம்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவு தூரம் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு சிரிப்புகூட சிரிக்கமாட்டாளா என்று எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.