புத்தகத்தின் மறு ஓரம்

"...பயந்தவன் ஒரு வரிகூடப் படிக்க மாட்டான்ணே, ஆனா கையில புத்தகம் இருந்தா கெட்டியாப் பிடிச்சுக்குவான்," என்றார் எதிர் இருக்கைக்காரர்.

மலைப்பாதையில் றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டியதும் அடைமழையில் ரயில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு இரண்டு முழம் தள்ளி மண்மேடு. சேறு வழிந்துகொண்டே இருந்தது. சரிந்தால் எங்கள் பெட்டிமேல்தான் சரியும். நான் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்தபடி அந்தச் சேற்றையே பார்த்திருந்தேன்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மாலுமிப் பயிற்சிக் கப்பலில் நூலகராம். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. எதையும் சும்மா வைக்கமாட்டார். தண்ணீர்ப் போத்தலைக்கூட இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"கடல் பொங்குனா மொதல்ல புத்தகத் தட்டுக்குக் குறுக்க கட்டையப் போட்டுருவேன், ஒன்னும் விழாது. அப்புறம் பயிற்சிக்கு வந்த பயலுக மூஞ்சி வெளுத்துப்போய் வருவாங்க. ஆளுக்கு ஒன்னு குடுப்பேன். அதக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருவாங்க."

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க! கப்பல் ஆடுனா எனக்குத் தூக்கம் வரும்ணே. இந்த ரயிலுக் கோச்சி அசையவே மாட்டேங்குதே, அதான் எனக்குப் பயம். இந்த மலை எப்படிச் சரிஞ்சு எறங்கும்னு சின்ன வயசுலயே பாத்தவன் நான்."

கூரையில் ஒரு கல் வந்து விழுந்தது. பெட்டியே அலறியது. அவர் பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு அதன் மறு ஓரத்தைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.