மாத்திரையைக் கேட்கவில்லை

என் கணவர் வரப்பில் விழுந்து கிடக்கிறார் என்று பக்கத்து வயல்காரர் சொன்னதும் ஓடினேன். குறுவை நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்தலை வீங்கியிருந்தது. பேச்சு குழறியது.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் வந்து நின்றார்கள். டாக்டருக்குப் படிக்கும் தம்பி, நர்ஸுக்குப் படிக்கும் பெண், பார்மசி படிக்கும் இன்னொரு பெண். முன்பெல்லாம் தனித்தனியாக வருவார்களாம். இப்போது ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கப் பழக்குகிறார்களாம். "ஒருத்தரே பேசக்கூடாது, மூணு பேரும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய ஆசிரியை அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தம்பிதான் பேசினார். "அம்மா, ஐயா மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்காரா?"

எங்கள் பக்கத்தில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான். வரப்பில் விழுந்து கிடந்தவர் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

"அதெல்லாம் இல்லைங்க. அப்படிப்பட்ட மனுஷர் இல்லைங்க."

தம்பி எழுதிக்கொண்டார். நர்ஸ் பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். "நான் கேட்டு முடிச்சிடுறேன் சிஸ்டர், நீங்க பிபி பாருங்க" என்றார் அவர். அவள் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் தனியாக வந்தாள். பேராவூரணிப் பக்கமாம், எங்கள் பேச்சு தெரிந்தவள்.

"அம்மா, ஐயா தினமும் போடுற மாத்திரை ஏதும் உண்டா?"

"உண்டே. நெஞ்சுவலி வந்ததிலேருந்து, ரத்தம் கட்டாம இருக்க ஒண்ணு போடுறாரு."

"காலையில ஏம்மா சொல்லலை?"

"மாத்திரையைக் கேக்கலையே பாப்பா. மருந்தைத்தானே கேட்டாங்க."

அவள் ஓடினாள். ஸ்கேனுக்குக் காத்திருந்தவரை உடனே தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த மாத்திரையால்தான் நிற்கவில்லையாம்.

உயிர் தப்பினார். வலது கை விளங்கவில்லை, நான்தான் ஊட்டுகிறேன். காலையிலேயே சொல்லியிருந்தால் கை தப்பியிருக்குமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஆசிரியை மூவரையும் என் முன்னால் நிறுத்தி விசாரித்தார். "எனக்கு அப்பவே தோணுச்சு மேடம். குறுக்க பேச பயமா இருந்துச்சு" என்று நர்ஸ் பெண் அழுதாள். தம்பி காலையில் எழுதிய தாளை எடுத்து ஆசிரியையிடம் நீட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் வந்து இதைச் சொல்லச் சொல்லி ஆசிரியை இரண்டு முறை போன் செய்துவிட்டார். கூட்டத்தில் பேச வராது என்று தட்டிக்கழிக்கிறேன். அது பாதி உண்மை. போனால், அந்தக் கேள்வியை ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். முந்தின சம்பா மழையில் மூழ்கியதிலிருந்து அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அன்று வரப்பில் அவரைத் தூக்கும்போது, யாரும் கவனிக்காதபடி குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தேன். மருந்து நாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்தேன். அவருக்கு இது தெரியாது.