அம்மா கொடுத்த சம்மதம்

என் வலது முழங்காலுக்கு மேலே இருந்த வீக்கத்தில் அம்மா விளக்கெண்ணெய் தடவியதுதான் அந்தக் கால் பற்றி எனக்கு மிஞ்சியிருக்கும் முதல் நினைவு. கிடங்கில் கப்பலுக்குப் போகும் வேர்க்கடலையைப் புடைத்துப் புடைத்துக் காய்த்துப்போன விரல்கள் அவளுக்கு. வீக்கத்தின் ஓரத்துக்கு வந்ததும் அவை மெதுவாகிவிடும். அந்த இடம் கல்லைப் போல் இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். ராயபுரத்தில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரங்கூனில் அரிசி ஆலை வேலைக்குப் போயிருந்தார்.

விழுந்து அடிபட்டதாக நினைத்து, திருவொற்றியூரில் எலும்பு கட்டும் வைத்தியரிடம் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டுக்குள்ளேயே வீக்கம் வளர்ந்தது. கட்டை அவிழ்த்த அன்று, "இது அடிபட்ட வீக்கம் இல்லம்மா. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்று அவரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் காலைப் படம் பிடித்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை நர்சம்மா தமிழில் சொன்னாள். எலும்பில் கட்டி, பரவுகிற ஜாதி. காலைத் தொடையோடு எடுத்தால் பிழைக்கலாம், எடுத்தும் பிழைக்காமல் போகலாம். அப்படியே விட்டால் பிழைக்கவே வழியில்லை. தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னாள்.

நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, வார்டு வாசலில் அம்மாவை மறித்து நின்றார். "கால் போன பொண்ண வச்சிகினு இன்னா பண்ணுவே? என் தம்பி வர்ற வரைக்கும் பொறு."

"உங்க தம்பி வர்றப்போ பொண்ணு இருக்கணுமில்ல மாமா" என்றாள் அம்மா. பிறகு நர்சம்மாவிடம் திரும்பி, "எடுத்துடுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. பக்கத்திலிருந்த இரும்புக் கட்டிலை அவள் பிடித்திருந்த பிடியில் அந்தக் கட்டில்தான் நடுங்கியது.

நைனா கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கண் என் பாவாடை தட்டையாகக் கிடந்த இடத்தில் நின்றது. அம்மாவிடம், "யார கேட்டு பண்ணே?" என்றார்.

"யார கேக்குறது? நீதான் ரங்கூன்ல இருந்தியே."

அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் பேசவில்லை. ரங்கூனுக்கும் திரும்பவில்லை, துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். என்மேல் உயிரையே வைத்திருந்தார். கப்பலில் சரக்குக்கு அடியில் போடும் பலகையைச் செதுக்கி எனக்குக் கக்கத்தில் வைக்கும் கட்டை செய்து தந்தார். நான் வளர வளர அதன் அடியில் துண்டு துண்டாகச் சேர்த்து ஆணி அடித்தார். தேருக்கு என்னைத் தோளில் சுமந்துகொண்டு போவார். அம்மா நாலு ஆள் இடைவெளி விட்டுப் பின்னால் வருவாள். வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகவே போயிற்று. "ஒங்கம்மாகிட்ட சோறு போடச் சொல்லு" என்பார். "குழம்பு இல்லன்னு சொல்லு" என்பாள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள்.

வியாதி திரும்பி வந்தால் நெஞ்சில்தான் வரும் என்று நர்சம்மா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதை அவள் நைனாவுக்குச் சொல்லியனுப்பவில்லை. ஒரு பெண்பிள்ளையின் சாவைப் பற்றி அவள் வழியாகவே எப்படிச் சொல்லி அனுப்புவது? நான் இருமினால் முறத்தில் ஓடிய அம்மாவின் கை நின்றுவிடும். அடுத்த இருமல் வராவிட்டால் மறுபடி ஓடும். அந்தப் பயத்தோடு அவள் எத்தனை வருஷம் தனியாக இருந்தாள் என்பது, நர்சம்மா சொன்னதை வெகுகாலம் கழித்து அம்மாவே என்னிடம் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

பின்னொரு வருஷம் பக்கத்துச் சந்து வண்டிக்காரர் மகளுக்குத் தோளுக்குக் கீழே அதே போன்ற வீக்கம் கண்டது. எனக்கும் சின்னவள் அவள். அம்மா தானாகவே அவர்கள் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னாள். "ஒன்ன மாரி மனச கல்லாக்கிக்க எங்களால ஆகாது" என்று அந்தப் பெண்ணின் தாய் சொல்லிவிட்டாள். அம்மா திரும்பி வந்தாள். மழைக்காலம் தொடங்குமுன் அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு அவள் போய்விட்டாள்.

குழந்தையைச் சுடுகாட்டுக்கு வண்டிக்காரர் கையிலேயே ஏந்திப் போனார். பாதி வழியில் அவர் உட்கார்ந்துவிட்டபோது நைனாதான் வாங்கிச் சுமந்தாராம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தவர், அம்மா வைத்த சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நீ சாப்ட்டியா?" என்றார்.

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டியில் அவள் பங்குச் சோறு அப்படியே இருந்தது.

"சாப்ட்டாச்சுன்னு சொல்லு, ஒங்க நைனாகிட்ட" என்றாள் என்னிடம்.

நான் சொன்னேன்.